பாட்டுக்கு ஒரு சொந்த வீடு... 4 வாட்டில் ஓடும் மியூசிக் சர்வரை நீங்களே செய்யலாம்!

நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்தாச்சு. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, மூணு வருஷமா சேர்த்து வைத்த பிளேலிஸ்ட்டைத் திறந்தால் பாதிப் பாட்டுகள் மங்கலாகக் கிடக்கின்றன. தட்டினாலும் ஓடவில்லை. இந்தக் கடுப்பு உங்களுக்கும் புதுசு இல்லைதானே?

ஆப்பில் நாம் கேட்கும் பாட்டெல்லாம் வாடகைப் பாட்டு. உரிமையாளரும் ஆப்பும் முட்டிக்கொண்டால் பாட்டு போய்விடும். 2023 மார்ச்சில் ஸீ மியூசிக் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையில் இருந்து காணாமல் போனது அப்படித்தான். சில நேரம் ஆப்பே போய்விடும். 2024 ஜனவரி கடைசியோடு ரெஸ்ஸோ இந்தியாவில் மூடப்பட்டது. அதே வருஷம் விங்க் மியூசிக்கையும் மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தது.

இதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. ஓசூர் சிப்காட் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் உங்களுக்கு அது ரொம்பவே பொருந்தும்.

சர்வர்னா ஏ.சி. ரூம் வேணுமா?

வேண்டாம். ஏ.டி.எம். கார்டு அளவுள்ள ராஸ்பெர்ரி பை போர்டு போதும். பள்ளிப் பிள்ளைகள் புரோகிராமிங் கற்றுக்கொள்ள 2012-ல் இங்கிலாந்தில் வெளியான குட்டிக் கம்ப்யூட்டர் இது. இதில் நாவிட்ரோம் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ரௌட்டர் பக்கத்தில் வைத்துவிட்டால் முடிந்தது. பாட்டுகள் உங்கள் ரூமில் இருக்கும். உங்கள் போனில் வழக்கமான மியூசிக் ஆப் மாதிரியே ஆல்பம், அட்டைப்படம், பிளேலிஸ்ட் எல்லாம் வரும்.

ஒரே ரூமில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என நாலு மொழிக்காரர்கள் இருந்தாலும் பிரச்னை இல்லை. ஆளுக்கொரு லாகின், ஆளுக்கொரு பிளேலிஸ்ட் வைத்துக்கொள்ளலாம்.

கரன்ட் பில் எகிறுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ராஸ்பெர்ரி பை 4 சும்மா இருக்கும்போது சுமார் 3 வாட் இழுக்கும். பாட்டு ஓடும்போது 4 வாட் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரமும் ஓடினால், 60 நாளுக்கு 5.76 யூனிட்.

அதே வேலைக்கு 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப்பை ஓடவிட்டால் 86.4 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் பெரும்பகுதியைப் பாட்டே தின்றுவிடும். சப்-மீட்டர் வைத்து யூனிட் கணக்கில் ஹவுஸ் ஓனருக்குக் காசு கொடுப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும்.

என்னென்ன வாங்கணும்?

பை 4 போர்டு, தரமான 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர், 64 ஜி.பி. மெமரி கார்டு, ஒரு கேஸ். இவ்வளவுதான். பட்ஜெட் இடித்தால் பை ஜீரோ 2 டபிள்யூ போர்டும் சமாளிக்கும். ஆனால் அது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். பெங்களூரு போகிறவர்கள் எஸ்.பி. ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் நேரில் பார்த்து வாங்கலாம்.

320 கே.பி.பி.எஸ். எம்.பி.3-யில் 5 நிமிடப் பாட்டு 12 எம்.பி. வரும். 64 ஜி.பி. கார்டில் ஓ.எஸ். போக 4,000 பாட்டுக்கு மேல் அடங்கும்.

எப்படி செட் பண்றது?

1. ஏதாவது ஒரு கம்ப்யூட்டரில் ராஸ்பெர்ரி பை இமேஜர் மூலம், ஓ.எஸ். லைட் 64 பிட் பதிப்பை மெமரி கார்டில் ஏற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு, யூசர் பெயர், எஸ்.எஸ்.ஹெச். மூன்றையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள். தனியாக மானிட்டர், கீபோர்டு தேவைப்படாது.

2. போர்டுக்குள் லாகின் செய்து, ஆர்ம்64-க்கான நாவிட்ரோமை இன்ஸ்டால் செய்யுங்கள். பாட்டு ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்பதை அதன் அமைப்புக் கோப்பில் குறிப்பிடுங்கள்.

3. போன் பிரவுசரில் போர்டின் ஐ.பி. முகவரியோடு :4533 சேர்த்துத் திறங்கள். முதலில் உருவாக்கும் கணக்குதான் அட்மின்.

4. சப்ஸ்ட்ரீமர், சிம்ஃபோனியம், ஐபோனில் ஆம்பர்ஃபை மாதிரி ஓர் ஆப்பில் அந்த முகவரியைக் கொடுங்கள். பாட்டு ஓடும்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நாவிட்ரோம் ஃபோல்டர் பெயரைப் பார்க்காது. ஃபைலுக்குள் இருக்கும் டேகைத்தான் படிக்கும். அது காலியாக இருந்தால் எல்லாப் பாட்டும் 'பெயர் தெரியாத பாடகர்' கணக்கில் குவிந்துவிடும். எம்.பி.3டேக், பிகார்டு போன்ற மென்பொருளில் முதலிலேயே சரிசெய்துவிடுங்கள். தமிழிலேயே பெயர் வைக்கலாம்.

அத்திப்பள்ளி தாண்டினாலும் கேட்குமா?

கேட்கும். டெயில்ஸ்கேல் என்ற சேவையை போர்டிலும் போனிலும் போட்டால் இரண்டும் ஒரே வைஃபையில் இருப்பது போல இணைந்துவிடும். தனிநபர்களுக்கு இலவசத் திட்டம் உண்டு. ரௌட்டரில் போர்ட்டைத் திறந்துவிடும் வேலை வேண்டாம். அது ஊருக்கே கதவைத் திறந்து வைக்கிற மாதிரி.

320-ல் ஒரு மணி நேரம் கேட்டால் 144 எம்.பி. டேட்டா போகும். மொபைல் டேட்டாவில் மட்டும் 96 கே.பி.பி.எஸ். ஓபஸுக்கு மாற்றி அனுப்பச் சொன்னால் 43 எம்.பி.தான்.

எந்த ஆப்பிலும் கிடைக்காத பாட்டு

இவ்வளவும் சினிமா பாட்டுக்கு மட்டும்தானா? கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் 18 நாள் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவரா நீங்கள்? துரியோதனன் படுகளத்தை யாரோ டேப் ரெக்கார்டரில் பிடித்த கேசட் வீட்டுப் பரணில் இருக்கலாம். பாட்டியோ, அவ்வாவோ, அஜ்ஜியோ பாடிய தாலாட்டு ஒரு பழைய மெமரி கார்டில் இருக்கலாம். அதை எந்த நிறுவனமும் உங்களுக்காக ஏற்றி வைக்காது. கேசட் நாடா ஒருநாள் சிக்கி அறுந்தால் அந்தக் குரல் அவ்வளவுதான்.

முதலில் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தடுப்புகளை உடைத்துவிடுங்கள். தப்பித்தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது. ஓடும் நிலையில் இருக்கும் ஒரு வாக்மேனின் ஹெட்போன் துளையில் இருந்து, 'லைன் இன்' உள்ள யு.எஸ்.பி. ஆடியோ அடாப்டர் வழியாக லேப்டாப்புக்குக் கொண்டுவாருங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்து, ஃப்ளாக் வடிவத்தில் சேமியுங்கள். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் ஆகும், குறுக்குவழி இல்லை. 'பாடியவர்' இடத்தில் பாட்டியின் பெயரையும், ஊரையும், தெரிந்தால் வருஷத்தையும் எழுதுங்கள்.

ரெண்டு விஷயத்தில் கவனம்!

கரன்ட் பட்டென்று போய்வந்தால் மெமரி கார்டு கெட்டுப்போகலாம். ரௌட்டருக்கு வாங்கும் மினி யு.பி.எஸ்.ஸில், உங்கள் போர்டுக்குப் போதுமான ஆம்பியரோடு 5 வோல்ட் வெளியீடும் உள்ள மாடலைப் பாருங்கள். அடுத்து, ஒரே பிரதியை நம்பாதீர்கள். எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் எடுத்து, அடுத்த லீவுக்குப் போகும்போது ஊரில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கடையில் வாங்கிய சி.டி., காசு கொடுத்து டவுன்லோடு செய்தது, நீங்களே பதிவு செய்தது என நியாயமாக உங்களிடம் உள்ளதை மட்டும் ஏற்றுங்கள். ரூமுக்குள் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், போர்டு தயாராகிவிடும். அதுக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு போன் போட்டு, பரண்ல அந்த கேசட் இன்னும் இருக்கான்னு கேட்டுடுங்க!