அறிமுகக் கையெழுத்தோடு வந்த புழு

2000-ம் வருடம் மே 4, வியாழக்கிழமை. பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் கிளம்பியது. தலைப்பு 'ஐ லவ் யூ'. உள்ளே, இணைத்திருக்கும் காதல் கடிதத்தைப் பாருங்கள் என்று ஒரே வரி. கூடவே ஓர் அட்டாச்மென்ட். ஆசியாவில் ஆபீஸ் திறந்த நேரத்தில் ஹாங்காங் பக்கம் பரவி, ஐரோப்பாவில் பொழுது விடிந்ததும் அங்கே போய், பிறகு அமெரிக்காவுக்கும் போய்விட்டது. பிரிட்டிஷ் பார்லிமென்டில் மின்னஞ்சலையே கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார்கள். அமெரிக்க ராணுவத் தலைமையகமும் தப்பவில்லை.

இது எப்படி நடந்தது? என்னைப் போல பி.காம் படித்தவனுக்கும் புரிகிற விஷயம்தான்.

அந்த ஃபைலின் பெயர் 'லவ்-லெட்டர்-ஃபார்-யூ.டிஎக்ஸ்டி.விபிஎஸ்'. ஃபைல் எந்த வகை என்பதைக் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகள்தான் சொல்லும். டிஎக்ஸ்டி என்றால் வெறும் எழுத்து, பயமில்லை. விபிஎஸ் என்றால் கம்ப்யூட்டருக்கு உத்தரவு போடும் புரோகிராம். ஆனால் விண்டோஸ் தனக்குத் தெரிந்த வகை ஃபைல்களுக்கு அந்தக் கடைசி எழுத்துகளை மறைத்துத்தான் காட்டும். பார்ப்பவர் கண்ணுக்கு டிஎக்ஸ்டி மட்டும்தான் தெரிந்தது. சாதாரணக் கடிதம் என்று கிளிக் செய்தார்கள்.

அவ்வளவுதான். புழு முதலில் விண்டோஸ் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தானும் ஓடும்படி ஏற்பாடு செய்துகொண்டது. பிறகு அவுட்லுக்கின் முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் தன்னையே அனுப்பியது. ஜேபெக் படங்களை அழித்து அந்த இடத்தில் தன் நகலை வைத்தது. எம்பி3 பாட்டுகளை மட்டும் அழிக்காமல் ஒளித்து வைத்தது! பாஸ்வேர்டு திருடும் இன்னொரு புரோகிராமையும் இன்டர்நெட்டிலிருந்து இறக்கப் பார்த்தது.

இங்கேதான் எனக்கு நம் பேங்க் வழக்கம் ஒன்று ஞாபகம் வருகிறது. முன்பெல்லாம் கணக்கு ஆரம்பிக்க அறிமுகக் கையெழுத்து வேண்டும். ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். புது ஆளை நமக்குத் தெரியாது, அறிமுகம் செய்பவரைத் தெரியும். இந்தப் புழுவும் முன்பின் தெரியாதவர் பெயரில் வரவில்லை. மேனேஜர், மச்சான், கூடப் படித்தவன் என்று தெரிந்தவர் பெயரில் வந்தது. முகவரிப் பட்டியல்தான் அதற்கு அறிமுகக் கையெழுத்து.

இந்த வித்தை புதிதும் இல்லை. 1987 டிசம்பரில் ஜெர்மனியில் ஒரு மாணவர் எழுதிய புரோகிராம், திரையில் கிறிஸ்துமஸ் மரம் வரைந்துகொண்டே, அந்த ஆள் கடிதம் எழுதுகிறவர்களின் பட்டியலை எடுத்து எல்லோருக்கும் தன்னை அனுப்பியது. ஐபிஎம் நெட்வொர்க்கே திணறிப்போனது. 1999 மார்ச்சில் வந்த மெலிஸா, பட்டியலின் முதல் 50 பேருக்குப் போனது. 2000-ல் வந்தது கணக்கே வைக்காமல் எல்லோருக்கும் போனது.

ஆள் யார்? முதலில் பிடித்தது மணிலாவில் ஒரு பேங்க் ஊழியரை (நம்ம தொழில்காரர்தான்!). ஆதாரம் போதாமல் விட்டுவிட்டார்கள். பிறகு சந்தேகம் ஓனெல் டி குஸ்மான் என்ற கம்ப்யூட்டர் மாணவர் மேல் விழுந்தது. பாஸ்வேர்டு திருடி இலவசமாக இன்டர்நெட் பார்ப்பது எப்படி என்று அவர் கொடுத்த ஆய்வுத் திட்டத்தைக் கல்லூரி நிராகரித்திருந்தது. ஆனால் பிலிப்பைன்ஸில் அப்போது இதற்குச் சட்டமே இல்லை. கிரெடிட் கார்டு மோசடிச் சட்டத்தில் வழக்குப் போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. ஆகஸ்டில் கைவிட்டார்கள். ஜூன் 14-ல் புதுச் சட்டம் வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பழைய குற்றத்துக்கு அது செல்லாது. நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் அதே ஜூன் 9-ல் ஜனாதிபதி ஒப்புதல் பெற்று, அக்டோபர் 17-ல் அமலுக்கு வந்தது. வைரஸ் விடுவதைப் பற்றிய பிரிவு அதில் இருக்கிறது.

20 வருடம் கழித்து, 2020-ல், மணிலாவில் செல்போன் ரிப்பேர் செய்துகொண்டிருந்த டி குஸ்மான் தான்தான் எழுதியதாக ஒப்புக்கொண்டார். காதல் எல்லோருக்கும் வேண்டியது என்பதால் அந்தத் தலைப்பை வைத்தாராம்.

நம்மைப் போல ஊரை விட்டுத் தள்ளி இருப்பவர்களுக்கு இது பழைய கதை இல்லை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் இப்போது வாட்ஸப்பில்தான் வருகிறது. பத்திரிகை என்றால் படமாக இருக்கும், அல்லது பிடிஎஃப். பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால் அது பத்திரிகை இல்லை, போனில் ஏறும் புரோகிராம். ஏறிவிட்டால் எஸ்எம்எஸ்ஸைப் படிக்கும், ஓடிபி போகும், பின்னாலேயே கணக்கில் இருக்கும் பணமும் போகும். அனுப்பியவர் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும், அவர் போன் அவர் கையில் இல்லாமல் போயிருக்கலாம்.

அந்த அறிமுகக் கையெழுத்தை அன்று பேங்கில் அப்படியே ஏற்றதில்லை. ஸ்பெசிமன் கார்டோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். நீங்களும் திறப்பதற்கு முன் ஒரு போன் போட்டு, "சித்தப்பா, நீங்களா அனுப்பினீங்க?" என்று கேட்டுவிடுங்கள். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும் இதை இன்றைக்கே சொல்லி வையுங்கள்.