திருச்சி வெயிலில் ஒரு பனிப்பந்து

காந்தி மார்க்கெட் பக்கம் குடியிருந்தவர்களுக்கு விடியற்காலைச் சத்தம் பழகிப்போன ஒன்று. லாரி வந்து நிற்கும், மூட்டை இறங்கும், வெங்காயத்துக்கு விலை சொல்வார்கள். அங்கே சொன்ன விலை கை மாறி, வாய் மாறி, காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்துத் தள்ளுவண்டிக்காரரிடம் வந்து சேரும்போது வேறு விலையாகியிருக்கும். யாரும் பொய் சொல்வதில்லை. வழியில் ஆள் அதிகம், அவ்வளவுதான். இன்று நான் எழுதும் பழைய கதையும் அந்த மாதிரிதான். சரக்கு மட்டும் வெங்காயம் இல்லை, ஆங்கிலம்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954 நவம்பர் 1 அன்று எங்கள் ஊர் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான் முடிந்தது. ஆனாலும் என் படிப்பு பிரெஞ்சிலேயே ஓடியது. எழுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அங்கே எழுத்தெல்லாம் ஆங்கிலம். பிரெஞ்சில் ‘தெமாந்தே’ என்றால் கேட்பது. அதே நினைப்பில் என் முதல் விடுப்புக் கடிதத்தில், “ஐ டிமாண்ட் டூ டேஸ் லீவ்” என்று எழுதிவிட்டேன். கண்காணிப்பாளர் கூப்பிட்டு, “என்ன தம்பி, சேர்ந்து மூணு மாசம் ஆகலை, அதுக்குள்ள யூனியன் ஆரம்பிச்சுட்டீங்களா?” என்றார். அறை முழுக்கச் சிரிப்பு.

என்னைக் கரையேற்றியவர் பக்கத்து வீட்டு டீச்சரம்மா. ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மாலையில் அவர் வீட்டுத் திண்ணையில் பாடம். இலக்கணப் புத்தகமே கிடையாது. எழுந்து கதவை நோக்கி நடக்கச் சொல்வார்; நடந்துகொண்டே, “ஐ ஆம் கோயிங் டு த டோர்” என்று நான் சொல்ல வேண்டும். புத்தகத்தைக் கையில் எடுத்தால் அதற்கொரு வாக்கியம், வைத்தால் ஒரு வாக்கியம். பிரெஞ்சு வாத்தியாரிடம் ‘திக்தே’ என்னும் சொல்வதெழுதல் எழுதி எழுதியே வளர்ந்த எனக்கு இது விளையாட்டாகப் பட்டது. “எங்க டீச்சர் கத்துக்கிட்டீங்க இதை?” என்று கேட்டேன். “ஒரு டிரெய்னிங் போட்டாங்க தம்பி. எங்களுக்குச் சொல்லிக்குடுத்தவரே அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் கத்துக்கிட்டு வந்திருந்தார்” என்றார்.

அந்தப் பயிற்சிக்கு ஒரு பெயர் உண்டு என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது: ‘மெட்ராஸ் ஸ்னோபால்’, அதாவது சென்னைப் பனிப்பந்து. அன்றைய சென்னை மாநிலத்தில் ஆங்கிலம் தொடங்கும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர்கள் சுமார் 27,000 பேர். இத்தனை பேரையும் ஓரிடத்தில் உட்காரவைக்க முடியுமா? ஆகவே முதலில் ஒரு சிறு குழுவுக்குப் பயிற்சி. அவர்கள் போய் மாவட்டங்களில் சிலருக்கு. அந்தச் சிலர் போய்ப் பலருக்கு. உருட்ட உருட்டப் பனிப்பந்து பெருப்பதுபோல் எண்ணிக்கை பெருக வேண்டும் என்பது ஏற்பாடு. டி.ஏ. ஸ்மித் என்பவர் 1962-இல் ஓர் ஆங்கில ஆசிரியர் இதழில் இதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். உலகெங்கும் ஆங்கிலம் கற்பிப்பவர்கள் நம் மாநிலத்தைப் பற்றிப் படித்தார்கள். பனியையே பார்த்திராத ஊருக்கு இப்படி ஒரு பெயர்!

இந்தத் திட்டத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதுவரை இலக்கண விதியும் மொழிபெயர்ப்புமாக இருந்த வகுப்பில், எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்திய வாக்கிய அமைப்புகளும், கண்ணுக்கு முன்னால் செய்துகாட்டும் பழக்கமும் வந்தன. என் விடுப்புக் கடிதம் திருந்தியதே அதனால்தான். ஆனால் பயிற்சி முடிந்து, சான்றிதழும் வாங்கி, வகுப்புக்குத் திரும்பிய பிறகு சந்தேகம் வந்தால் ஆசிரியர் யாரைக் கேட்பார்? மேலிருந்து கீழே வரும் சங்கிலியில் பாடம் இறங்கும், கேள்வி ஏறாது.

டீச்சரம்மா அதற்கொரு வழி கண்டுபிடித்திருந்தார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மார்க்கெட்டில் காய் வாங்கிய கையோடு, வேறு பள்ளிகளிலிருந்து மூன்று ஆசிரியைகள் அந்தத் திண்ணைக்கு வருவார்கள். பைகளை ஓரமாக வைத்துவிட்டுப் பேச உட்காருவார்கள். காபி வாங்கிவருவது என் வேலை. ஒருநாள் ஒருவர் சொன்னார்: “என் கிளாஸ் பையன் கதவுகிட்ட நடந்தா, ‘ஐ ஆம் கோயிங் டு த டோர்’னு கணீர்னு சொல்றான். வெளிய எங்க போறேன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறான்.” நால்வரும் அரைமணி நேரம் விவாதித்தார்கள். முடிவில், வாக்கியத்தை முதலில் கொடுக்காமல், அவன் பேசியே ஆக வேண்டிய ஒரு வேலையைக் கொடுத்துப் பார்ப்போம் என்றார்கள்.

இதே கேள்வியை எடுத்துக்கொண்டு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் பள்ளிகளில் சோதனை வகுப்புகள் நடத்தியவர் என்.எஸ். பிரபு. வரைபடம், ரயில் கால அட்டவணை இவற்றைக் கொடுத்துப் பிள்ளைகளை யோசிக்க வைத்தார். யோசிக்கும் வழியிலேயே மொழி வரட்டும் என்றார். பிறகு 1990-இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்றின் சாரம்: எல்லோருக்கும் பொருந்தும் சிறந்த முறை என்று ஒன்றைத் தேடுவதை விட, தான் செய்வது ஏன் பலிக்கிறது என்ற ஆசிரியரின் சொந்த உணர்வு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதே முக்கியம். படித்தபோது எனக்கு அந்தத் திண்ணைதான் கண்ணில் வந்தது.

பயிற்சிக்கு நம் நாட்டில் நிறுவனங்கள் இல்லாமலில்லை. ஹைதராபாத்தில் 1958-இலும் பெங்களூரில் 1963-இலும் ஆங்கிலத்துக்கென்றே நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. ஆசிரியர்களே கூடும் சங்கம் வேறு வகை. இங்கிலாந்தில் 1967-இல் டபிள்யூ.ஆர். லீ இப்படி ஒன்றைத் தொடங்கினார். அதுவே இன்றைய உலகளாவிய சங்கம். நம் பக்கத்தில், கல்வியாளர் பத்மஸ்ரீ எஸ். நடராஜன் முயற்சியில் உருவான இந்திய ஆங்கில மொழி ஆசிரியர் சங்கம் 1974 ஆகஸ்ட் 7 அன்று பதிவானது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. ஆண்டு மாநாடு உண்டு, இதழ் உண்டு, பல ஊர்களில் கிளைகளும் உண்டு. அங்கே யாரும் ஆணை போட்டு வரச் சொல்வதில்லை. சந்தா கட்டி, விடுமுறையை விட்டுக்கொடுத்து வருகிறார்கள். வகுப்பில் தோற்றதைக்கூட அங்கே எழுந்து நின்று சொல்லலாம்.

குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். அரசாணை ஆசிரியருக்குப் பணிவிடுப்பும் பயணப்படியும் தரும். சங்கம் பேச்சுத் துணையைத் தரும். ஒன்றிருந்தால் மற்றது வேண்டாம் என்பது தவறு. ஐந்து பாடமும் தானே நடத்தும் ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியைக்கு, சங்கக் கூட்டத்துக்குப் போக ஒரு நாளும் பஸ் காசும் கொடுத்தால் அரசாங்கம் ஒன்றும் குறைந்துபோகாது.

டீச்சரம்மா இப்போது இல்லை. அவருடைய பயிற்சி நோட்டை அவர் மகள் என்னிடம் கொடுத்தார். உள்ளே பாடம் எல்லாம் ஒரே கையெழுத்து, பயிற்சியில் சொன்னது சொன்னபடி. ஓரங்களில் மட்டும் நான்கு விதமான கையெழுத்து. அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் பச்சை மையில் யாரோ எழுதியிருக்கிறார்கள்: ‘மார்க்கெட் கணக்கு கொடுத்துப் பார்த்தேன். பேசினான்.’

அந்த நாளில் பயிற்சிக்குப் போனவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், நோட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன் ஓரங்களையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.