அடுப்படியும் பெரட்டும்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் சமையல் நேரம்

தோட்டத்துத் தமிழர் சமையலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதைப் பண்பாட்டு நினைவாகவே படிக்கின்றனர். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கப்பலேறிய ரசமும் குழம்பும் தலைமுறைகள் கடந்தும் நிலைத்திருப்பதாகச் சொல்லிப் பெருமைப்படுகின்றனர். பெருமைக்கு இடமுண்டு. ஆனால் அடுப்பில் எது ஏறும், எப்போது ஏறும், யார் ஏற்றுவார் என்பவற்றை முடிவுசெய்ததில் மரபைவிடச் சாலைக்கும் கூலிக்கும் வேலைநேரத்துக்குமே பெரிய பங்கு இருந்தது என்பது என் வாதம். இவற்றுள் சமைக்கும் பெண்ணின் நேரம் மட்டும் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

மலாயாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலைத் தொழில் கற்ற மில்ன் அவருடன் சேர்ந்தார். பாரத் தோட்டம் 1933-இல் வந்தது. ஆயிரம் மீட்டருக்கு மேலான அந்தக் குளிரில் கொழுந்து செழிக்கும். தென்னை செழிக்காது, நெல்வயலும் கிடையாது. அரிசி, தேங்காய், மீன், புளி அனைத்தும் மலையடிவாரத் தாப்பாவிலிருந்து வளைந்தேறும் சாலை வழியாகவே வந்தன. மலையில் தாராளமாக விளைந்தவை முட்டைக்கோஸ் முதலான குளிர்நிலக் காய்கள். கீழ்நாட்டுச் சாம்பாரில் முருங்கைக்காய் கிடந்த இடத்தை இங்கே முட்டைக்கோஸ் பிடித்ததென்றால், அதற்கு நாக்கின் விருப்பத்தைக் காரணமாகத் தேட வேண்டியதில்லை. வெளியிலிருந்து வரும் வரத்து அறுந்தால் என்ன ஆகும் என்பதை ஜப்பானியர் காலம் (1941–45) மலாயா முழுவதற்கும் காட்டியது. பர்மா, சயாம் அரிசி வரத்து சுருங்கியதும் மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று.

இலங்கை மலையகத்தை அருகில் வைத்துப் பார்த்தால் என் வாதம் இன்னும் தெளிவாகும். இரண்டு மலைகளிலும் தமிழ்த் தொழிலாளர், இரண்டிலும் தேயிலை, கங்காணிகள் வழி ஆள்சேர்த்து வேலைவாங்கும் முறையின் நிழலும் இரண்டிலும் உண்டு. ஆயினும் மலையகத்து லயங்கள் எனும் வரிசைவீடுகளில் கோதுமை மாவு ரொட்டியும் சம்பலும் அன்றாட உணவாக வேரூன்றின. மலேசியத் தோட்டத்தில் சோறே நிலைத்தது. ரொட்டி சானாய் பெரும்பாலும் கடையில் பசியாறுவதற்கான பண்டம். மரபு மட்டுமே காரணமென்றால் இந்தப் பிளவை விளக்க முடியாது. இலங்கையில் இறக்குமதி மாவு மலிவாகக் கிடைத்தது, 1980-இல் திருகோணமலையில் பிரிமா மாவு ஆலையும் எழுந்தது. மலிவோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: வேலைக்குப் போகிறவள் ரொட்டியைக் கையில் எடுத்துப் போகலாம், குழம்பு இல்லாமலும் தின்னலாம். அந்த உணவு மலைக்குள் நுழைந்ததில் விலையோடு நேரமும் கைகோத்திருந்தது.

கேமரன் மலையிலும் நேரம்தான் திறவுகோல். ஆள்கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டு விடியலில் கூடும். கொழுந்தெடுக்கப் போகும் பெண் அதற்கு முன்பே எழுந்து பசியாறலுக்கும் மதியத்துக்கும் சேர்த்துச் சமைத்தாக வேண்டும். இந்தக் கட்டாயத்துக்குப் பொருந்திய உணவுகளைக் கவனியுங்கள். புளிக்குழம்பு மதியம் வரை கெடாது. நெத்திலிச் சம்பல் இன்னும் தாங்கும். தேங்காய்ப்பால் கறி அவ்வளவு தாங்காது. குளிரில் தோசை மாவு புளிக்கத் தாமதமாகும். ஆட்டுக்கல்லில் அரைக்கவும் நேரம் வேண்டும். இட்லியும் தோசையும் ஓய்வுநாளுக்கும் திருநாளுக்கும் ஒதுங்கியதை ஏழ்மையின் அடையாளமாக மட்டும் கொள்வது குறைப்பார்வை. அவற்றுக்கு வேண்டிய அரிசியும் உளுந்தும் வீட்டில் இருந்தாலும் ஆட்டும் கைகள் கொழுந்துக்கூடைக்குச் சொந்தமாகியிருந்தன.

இனி கூலி. 1920-களின் இறுதியில் இந்தியத் தொழிலாளருக்கான நிலைக்கூலி, மலாயாவின் முக்கியப் பகுதிகளில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அரிசி, பருப்பு, துணி எனத் தொழிலாளியின் வாழ்க்கைச் செலவைப் பட்டியலிட்டே இந்தத் தொகையை வகுத்தார்கள். அரிசியின் விலையைக் கணக்கிட்டவர்கள் அதைச் சோறாக்கும் உழைப்புக்கு ஒரு காசும் எழுதவில்லை. மலையில் கொழுந்து, வீட்டில் அடுப்பு என்று இரண்டு வேலை பார்த்தவளுக்கே குறைந்த கூலி. சமையல் உழைப்பைக் கணக்கில் சேர்க்காததைக் கவனக்குறைவு என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. அந்த உழைப்புக்கும் விலை வைத்திருந்தால் தேயிலையின் அடக்கவிலையே ஏறியிருக்கும்.

நேரத்தின் இதே கணக்கு தேநீர்க் குவளையிலும் தெரியும். மானிடவியலாளர் சிட்னி மின்ட்ஸ் 1985-இல் வெளியிட்ட ‘இனிப்பும் அதிகாரமும்’ நூலில், பிரிட்டிஷ் தொழிலாளியின் சர்க்கரையிட்ட தேநீரை ஆலைவேலையோடும் காலனியத் தோட்டத்தோடும் இணைத்துக் காட்டினார். விளைவித்தவர் வீட்டுக் குவளையையும் அந்த ஆய்வோடு சேர்க்க வேண்டும். மலேசியத் தமிழரின் அன்றாடத் தேநீர் தூள்தேயிலையும் டின்பாலும் சேர்ந்தது. டின்பால் பசும்பாலைப்போல உடனே கெடாது. சர்க்கரையும் அதிலேயே உண்டு. விடியலில் பால் காய்ச்சும் வேலையும் மிச்சம்.

இன்று இத்தோட்டங்களில் பங்களாதேஷ், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களும் வேலை செய்கிறார்கள். கைப்பறிப்புக்குப் பதில் பல இடங்களில் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. தற்காலிக வேலை அனுமதியில் வருபவர் குடும்பத்தை அழைத்துவர முடியாது. எனவே தோட்டத்தின் அடுத்த தலைமுறைத் தொழிலாளியை ஊட்டி வளர்க்கும் அடுப்பு இப்போது மலையில் இல்லை. கடல்கடந்த ஏதோ ஒரு கிராமத்தில் எரிகிறது. லயத்துத் தமிழ்ப்பெண் விடியுமுன் செய்த வேலையை அங்கே இன்னொருத்தி செய்கிறாள். தோட்டச் சமையலை ஆராய்வோர் இனிக் குறிப்பேட்டில் பண்டங்களின் பெயரோடு சமைப்பவர் எழுந்த நேரத்தையும், அவருக்கு அன்று கிடைத்த கூலியையும், அரிசி வந்த வழியையும் எழுதிக்கொள்ள வேண்டும். எல்லை தாண்டிப் போய் அந்த இரண்டாவது அடுப்படியிலும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.