சிவப்புக் கலைக்கூடம் (ஓவியம்)

சிவப்புக் கலைக்கூடம், பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் 1911-இல் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம். ஏறத்தாழ 181 செ.மீ. உயரமும் 219 செ.மீ. அகலமும் கொண்டது. பாரிசை அடுத்த இசி-லே-முலினோவில் இருந்த அவரது பணிக்கூடத்தைச் சித்திரிக்கிறது. தற்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. நவீன ஓவியத்தில் உருவமும் நிறமும் உணர்வும் பிரிக்க முடியாதபடி ஒன்றுவதற்குத் தலைசிறந்த சான்று இது.

உருவம்

நாற்காலி, மேசை, இழுப்பறைப் பெட்டி, உயரமான கடிகாரம் ஆகியவை மெல்லிய கோடுகளாக மட்டுமே தெரிகின்றன. இக்கோடுகள் அறையை நிறைக்கும் சிவப்பின்மேல் தீட்டப்பட்டவை அல்ல. சிவப்பைப் பூசும்போது விடப்பட்ட இடைவெளிகள். அவற்றின் வழியே அடியில் முதலில் தீட்டிய வண்ணம் தெரிகிறது. இடப்பக்கத்தில் சுவர்கள் கூடும் மூலைக்குக் கோடே இல்லை. ஆகவே அறையின் ஆழத்தை மேசை, நாற்காலிகளின் சாய்விலிருந்தே உணர வேண்டியிருக்கிறது.

நிறம்

மத்தீஸ் முதலில் இந்த அறையை நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு நிறங்களில் தீட்டினார். பின்னர், செங்காவியை ஒத்த வெனிஸ் சிவப்பால் பெரும்பகுதியை மூடினார். உண்மையான கூடத்தின் சுவர்களோ வெள்ளை. அவருடைய ஓவியங்களும் சிற்பங்களும் பீங்கான் தட்டும் சிவப்பில் கரையாமல் தத்தம் நிறத்தோடு நிற்கின்றன. பச்சைக் குப்பியிலிருந்து கிளம்பும் கொடி, சிறு பெண் சிற்பமொன்றைச் சுற்றி வளைகிறது.

உணர்வு

சிவப்பு என்றதும் சினம், வேட்கை என்று பொருள்கொள்வது இங்கே பொருந்தாது. நிழலோ ஒளிக்கீற்றோ குறுக்கிடாமல் பரவும் இச்சிவப்பு ஆழ்ந்த அமைதியைத் தருகிறது. நடுவிலுள்ள கடிகாரத்துக்கு முட்கள் இல்லை. அறையில் ஆளும் இல்லை. புழங்கும் பொருள்கள் வெறுங்கோடாகி ஒதுங்க, படைப்புகள் மட்டும் முழு உருவோடு விளங்குகின்றன. கலைஞனின் மனத்தில் எது நிலைக்கிறது, எது பின்வாங்குகிறது என்பதை இந்த வேறுபாடே சொல்கிறது.

வரலாறும் தாக்கமும்

மத்தீஸின் புரவலரான ரஷ்ய வணிகர் செர்கேய் ஷூகின் இதை வாங்க மறுத்தார். 1912-இல் லண்டனிலும் 1913-இல் நியூயார்க் ஆர்மரி கண்காட்சியிலும் வைக்கப்பட்டபோதும் விலைபோகவில்லை. பின்னர் லண்டனின் கார்காயில் கேளிக்கை மன்றச் சுவரில் தொங்கியது. 1949-இல் நியூயார்க் அருங்காட்சியகம் வாங்கியது. அங்கே இதை ஊன்றிப் பார்த்தவர்களுள் ஓவியர் மார்க் ராத்கோ முக்கியமானவர். 1954-இல் மத்தீஸுக்கு அஞ்சலியாக ஓர் ஓவியம் தீட்டினார். பரந்த வண்ணப் பரப்பே உணர்வை முழுதாகத் தாங்கும் என்ற அவரது கலைக்கு இந்தச் சிவப்பு வலுவூட்டியது.