கம்பிக்கு முன்னே வந்த பாடம்: திருவண்ணாமலையில் வலையமைப்புக் கல்வியின் வரலாறு

தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகரங்களில் கணினி வலையமைப்பு என்னும் பாடம் வேரூன்றிய வரலாற்றைப் பார்த்தால், முதலில் பாடம் வந்ததும், அதற்குப் பல ஆண்டுகள் கழித்துக் கம்பி வந்ததும், அந்தக் கம்பியில் ஓடும் செய்தியைக் காப்பது எப்படி என்னும் கல்வி எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்து சேர்ந்ததும் தெரியவரும். 1989 செப்டம்பர் இறுதியில் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகரான திருவண்ணாமலையில் இந்த வரிசை மிகத் தெளிவாகவே காணக்கிடைக்கிறது. கோயில், கிரிவலம், கார்த்திகை தீபம் ஆகியவற்றைக் கொண்டே அறியப்படும் ஊர் என்பதால் அதன் உயர்கல்வி வரலாறு அதிகம் எழுதப்படவில்லை. ஆயினும் செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் கலசபாக்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் காலைப் பேருந்தில் வந்து கணினி படித்துத் திரும்பிய பிள்ளைகளின் வரலாறு இந்த ஊருக்கு உண்டு, அது எழுதப்படவேண்டிய வரலாறு.

வலையமைப்பு என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கணினிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு. அனுப்பவேண்டிய செய்தியை முழுதாக ஒரே தடத்தில் அனுப்பாமல் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் முகப்பிலும் அனுப்புநர், பெறுநர் முகவரிகளை எழுதி, கிடைத்த வழியில் போகவிட்டு, சேருமிடத்தில் மறுபடி வரிசைப்படுத்திக் கோப்பதே இதன் அடிப்படை. அந்தத் துண்டுக்குப் பொதி என்றும், துண்டுகளை அனுப்பவும் பெறவும் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விதிகளுக்கு நெறிமுறை என்றும், பொதிக்கு வழிகாட்டும் கருவிக்குத் திசைவி என்றும் தமிழில் பெயர் உண்டு. வகுப்பறையில் பேக்கெட், புரோட்டோகால், ரவுட்டர் என்பனவே புழங்குகின்றன. இந்த முறையில் அமைந்த அர்ப்பாநெட் என்னும் வலையமைப்பில், 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு 'லாகின்' என்னும் சொல்லை அனுப்ப முயன்றபோது முதல் இரண்டு எழுத்துகள் போனதும் எதிர்முனைக் கணினி செயலிழந்தது. 1974-ல் வின்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் வகுத்த வடிவமைப்பிலிருந்து வளர்ந்த டி.சி.பி./ஐ.பி. என்னும் நெறிமுறைத் தொகுதிக்கு, அந்த வலையமைப்பு 1983 ஜனவரி 1 அன்று முழுமையாக மாறியது. ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள் தமக்குள் பயன்படுத்துவதற்காக எழுதிய விதிகள் என்பதால், பொதியின் முகப்பில் எழுதியிருக்கும் அனுப்புநர் முகவரி உண்மையானதுதானா என்று கேட்கும் ஏற்பாடு அவற்றில் இல்லை. இத்தகைய குறைகளே பிற்காலத்தில் வலையமைப்புப் பாதுகாப்பு என்னும் தனித் துறை பிறக்கக் காரணமாயிற்று.

இந்தியாவிலும் தொடக்கம் அத்தகைய அறிந்தவர் வட்டத்தில்தான் நிகழ்ந்தது. 1986-ல் மத்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் எர்நெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியபோது, பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், சென்னை உள்ளிட்ட ஐந்து இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள், தில்லியில் இருந்த அந்தத் துறையே என எட்டு இடங்கள் மட்டும் அதில் பங்கேற்றன. பம்பாய் மையத்தை வழிநடத்திய சீனிவாசன் ரமணி இப்பணிக்காகப் பின்னாளில், 2014-ல், இணையப் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை வலையமைப்பைக் கையால் தொட்டுப் படிக்கும் வாய்ப்பு அப்போது அடையாற்றங்கரையை ஒட்டிய சில வளாகங்களுக்கே இருந்தது என்று சொல்வது மிகையாகாது.

திருவண்ணாமலைக்கு இப்பாடம் வேறொரு வழியாக வந்தது. 1984 முதல் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி வழங்கப்பட்டதன் தொடர்ச்சியாக, 1993-ல் அருணை பொறியியல் கல்லூரியும் 1999-ல் எஸ்.கே.பி. பொறியியல் கல்லூரியும் இங்கே தோன்றின. 1966 முதலே இயங்கிவந்த அரசு கலைக் கல்லூரியைப் போல அருணை கல்லூரியும் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையை 1995 ஆகஸ்ட் 15 அன்று சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் தொடங்கியபோது, 1993-ல் சேர்ந்த முதல் அணி மாணவர்கள் நான்காண்டுப் படிப்பின் பாதியைக் கடந்திருந்தனர். ஆண்ட்ரூ டானன்பாமின் 1981-ஆம் ஆண்டு நூலும் அதைப் பின்பற்றிய பாடநூல்களும் நூலகத்துக்கு வந்துவிட்டன. அவற்றில் விவரிக்கப்பட்ட பொருளோ ஊருக்குள் வரவில்லை. தொலைபேசிக் கம்பியில் மோடத்தை மாட்டி, நொடிக்கு 56 கிலோபிட் என்னும் உச்சவரம்புக்கும் கீழே கீச்சிட்டுக்கொண்டு இணைந்த பிரவுசிங் சென்டர்களே இத்தகைய ஊர்களில் மாணவர் பலர் இணையத்தை முதன்முதலாகக் கண்ட இடங்கள். பி.எஸ்.என்.எல். அகலப்பட்டைச் சேவை தொடங்கியது 2005 ஜனவரியில்தான்.

பாடத்தின் வடிவத்தை உறுதியாக நிர்ணயித்த நிகழ்வு, 2001-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் அனைத்தும் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்ததாகும். 2007 முதல் 2012 வரை அப்பல்கலைக்கழகம் பலவாகப் பிரிந்திருந்த இடைவெளியை விலக்கிப் பார்த்தால், அதன் கிண்டி வளாகத்தில் வகுத்த பாடத்திட்டமும் ஒரே வினாத்தாளும் திருவண்ணாமலை மாணவரையும் தூத்துக்குடி மாணவரையும் ஒன்றாக அளந்தன. பாடத்திட்டம் 2004, 2008, 2013, 2017, 2021 எனச் சில ஆண்டுகளுக்கொருமுறை மாறியது; ஒவ்வொரு மாற்றமும் மாணவர் பேச்சில் 'ரெகுலேஷன்' என்றே வழங்குகிறது. பத்து இரண்டு மதிப்பெண் வினாக்கள், ஐந்து பதினாறு மதிப்பெண் வினாக்கள் என்றிருந்த தேர்வுமுறை, இப்பாடத்தை ஐந்து யூனிட்டுகளாக நறுக்கி, படம் வரைந்து விளக்கத்தக்க தலைப்புகளாக ஆக்கியது. வலையமைப்பின் பணிகளை அடுக்கடுக்காகப் பிரித்துக்காட்டும் ஏழு அடுக்கு மாதிரியை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவர், ஒரு திசைவியின் கடவுச்சொல்லை மாற்றியறியாமலேயே முதல் வகுப்பில் தேற முடிந்தது. அதை அந்த மாணவரின் குறையாகக் கருதுவதற்கில்லை. தேர்வு கேட்டதை அவர் சரியாகவே கொடுத்தார்.

ஆய்வகத்தில் நடந்ததைச் சற்று அருகிருந்து பார்க்கவேண்டும். வலையமைப்பு ஆய்வகத்துக்கென வகுக்கப்பட்ட சோதனைகளில் ஒன்று, ஒரு கணினியில் சேவை வழங்கும் பரிமாறி நிரலும் இன்னொன்றில் அதைக் கேட்டுப்பெறும் பயனர் நிரலும் எழுதி, சாக்கெட் என்னும் இணைப்பு வாயில் வழியாக அவை இரண்டையும் பேசவைப்பது. இரண்டு கணினிகளும் ஒரு கம்பியும் தேவைப்படும் இச்சோதனையை, எந்தக் கணினியும் தன்னையே குறித்துக்கொள்ளும் 127.0.0.1 என்ற முகவரியைக் கொண்டு ஒரே கணினியில் இரண்டு சாளரங்களைத் திறந்தும் செய்துவிடலாம். மாவட்டக் கல்லூரிகளில் பெரும்பாலும் அப்படித்தான் செய்யப்பட்டது. ஒரு சாளரத்தில் தட்டிய சொல் மற்றதில் தோன்றியதும் 'அவுட்புட்' வந்துவிட்டதாக ஆசிரியரிடம் காட்டி, ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்கப்பட்டது. செய்தி கணினியைவிட்டு வெளியே போகாமலேயே வலையமைப்புச் சோதனை முடிந்துபோனது.

அதே பட்டியலில் ஏ.ஆர்.பி. என்னும் முகவரி அறியும் நெறிமுறையைப் பாவனையாகச் செய்துகாட்டும் சோதனையும் உண்டு. 1982-ல் டேவிட் பிளம்மர் எழுதிய ஆர்.எஃப்.சி. 826 என்னும் ஆவணத்தில் வகுக்கப்பட்ட இந்நெறிமுறைப்படி, ஒரு கணினி தன் தெருவிலுள்ள, அதாவது அதே உள்வலையமைப்பில் இணைந்த, எல்லாரும் கேட்கும்படி 'இந்த எண்ணுக்குரியவர் யார்' என்று கூவும். உரியவர் தம் வன்பொருள் முகவரியைச் சொல்வார். கேட்ட கணினி அதைக் குறித்துவைத்துக்கொள்ளும். பதில் சொன்னவர் உரியவர்தானா என்பதைச் சோதிக்க வழியே கிடையாது. தெருவில் இருக்கும் இன்னொருவர் 'நான்தான்' என்று பொய்யாகக் குரல் கொடுத்தால் செய்தியெல்லாம் அவர் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேரும். ஆள்மாறாட்டத் தாக்குதல்களில் எளிய ஒன்றான இது, சோதனையைச் செய்துமுடித்த அதே நாளில் ஐந்து நிமிடத்தில் விளங்கவைக்கக்கூடியது. ஆனால் ஆய்வக நிரலில் முகவரிகள் ஓர் அட்டவணையாக முன்கூட்டியே எழுதப்பட்டிருந்ததால் பொய்ப்பதிலுக்கு அங்கே இடமே இல்லை. நெறிமுறை எங்கே ஏமாறும் என்ற கேள்வி பாதுகாப்புப் பாடத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

நெரிசல் என்னும் வேறொரு கருத்தை விளக்கத் திருவண்ணாமலையில் ஆய்வகமே தேவையில்லை. தீபத்தன்றும் சித்ரா பௌர்ணமியன்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இலட்சக்கணக்கானோர் நடக்கும்போது கைப்பேசி அழைப்பு கிடைக்காமல் போவதை இவ்வூர்ப் பிள்ளைகள் சிறுவயது முதலே அறிவார்கள். கைப்பேசிக் கோபுரத்தின் கொள்ளளவை மீறி அழைப்புகள் குவிவதும், கிடைக்காதவர் மறுபடி மறுபடி முயன்று நெரிசலை மேலும் கூட்டுவதுமே காரணம். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜத் தொலைவில், நொடிக்கு 32 கிலோபிட் ஓடிய இணைப்பு 40 பிட்டாகச் சுருங்கியபோது நிகழ்ந்ததும் இத்தகையதே. ஒவ்வொரு கணினியும் தொலைந்த பொதியை உடனே திரும்ப அனுப்பியதால் வழி முற்றிலும் அடைபட்டது. பதில் வரத் தாமதமானால் அனுப்பும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவேண்டும் என்று வான் ஜேக்கப்சன் 1988-ல் வகுத்த முறை இன்றும் டி.சி.பி.யின் உயிர்நாடியாக இருக்கிறது. பாடநூலின் அந்நிய எடுத்துக்காட்டைவிடக் கிரிவலப் பாதை இதை நன்கு விளக்கும் என்பதில் ஐயமில்லை.

பாதுகாப்புப் பாடத்தின் வரலாறு தனிப்போக்குடையது. 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மோரிஸ் என்னும் ஆய்வு மாணவர் விட்ட நிரல், அன்று இணையத்திலிருந்த சுமார் 60,000 கணினிகளில் பத்தில் ஒரு பங்கை முடக்கியதாக மதிப்பிடப்பட்டதும், அறிந்தவர் வட்டம் என்ற நம்பிக்கை உடைந்தது. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. 2002-ல் சென்னையில் மின்னணுப் பரிவர்த்தனை, பாதுகாப்புக்கான செட்ஸ் என்னும் ஆய்வு அமைப்பும், 2004-ல் கணினி அவசரநிலைகளைக் கையாளும் செர்ட்-இன் அமைப்பும் தோன்றின. கல்லூரிக்குள் இப்பாடம் வில்லியம் ஸ்டாலிங்ஸின் நூல்வழி நுழைந்தது, அதனால் பெரிதும் கணிதப் பாடமாகவே நுழைந்தது. 1977-ல் கண்டறியப்பட்ட ஆர்.எஸ்.ஏ. மறையாக்க முறையை, 3, 11 என்னும் இரு பகா எண்களைப் பெருக்கி 33 ஆக்கி, பொதுத் திறவுகோல் 7 எனக் கொண்டு, 5 என்னும் செய்தியை 14 ஆக மறைத்து, இரகசியத் திறவுகோலான 3-ஐக் கொண்டு மறுபடி 5 ஆக மீட்பது, மாணவர் தாளில் போட்டுப் பார்த்துப் பழகிய கணக்கு. அந்தக் கணக்கின் அழகு குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. பெரிய எண்ணை அதன் பகா எண்களாகப் பிரிப்பது எவ்வளவு கடினம் என்பதன்மேல் உலக வணிகமே சாய்ந்திருப்பதை அது காட்டுகிறது. ஆயினும் 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்போடு இணைந்த கணினி ஒன்றில் தீநிரல் புகுந்ததை அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டபோது பேசப்பட்டது எந்த மறையாக்கமும் உடைந்தது பற்றியன்று. ஒரு பயனரின் கணினி தொற்றுக்குள்ளானது பற்றியே. அத்தகைய தொற்று புகும் வழியையும், ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றைப் பிரித்துவைக்கும் அமைப்பையும் கற்பிப்பது, சூத்திரத்தைக் கற்பிப்பதற்குக் குறையாத கடமையாகும்.

மொழியையும் சேர்த்தே எண்ணவேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டுமானவியலும் இயந்திரவியலுமே இடம்பெற்றன, கணினி இடம்பெறவில்லை. மாறாக, 2019-ல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் வலையமைப்பு, களப்பெயர் முறை, வடம் இணைத்தல் ஆகிய இயல்கள் தமிழிலேயே உள்ளன. எட்டு இழைகளை வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என வரிசைப்படுத்தி, நுனியைச் சமமாக வெட்டி, ஆர்.ஜே.45 முனையில் செருகி, கிரிம்பிங் கருவியால் அழுத்தும் முறையைப் பள்ளியில் தமிழில் படித்த மாணவர், கல்லூரியில் அதே பொருளை ஆங்கிலத்தில் முதலிலிருந்து தொடங்குகிறார். இந்த முறிவு சரிசெய்யப்பட்டால் முதல் யூனிட்டில் செலவாகும் உழைப்பு பாதுகாப்புப் பகுதிக்கு மிஞ்சும்.

பாடத்திட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு மெல்லிய நகர்வு தெரிகிறது. 2013-ஆம் ஆண்டுப் பாடத்திட்டப்படி கணினிப் பொறியியல் மாணவர் வலையமைப்பை நான்காம் பருவத்திலும் பாதுகாப்பை ஏழாம் பருவத்திலும் படித்தார். நம்பக் கற்ற பின் ஒன்றரை ஆண்டு கழித்தே ஐயுறக் கற்றார். 2017-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் வலையமைப்பு ஐந்தாம் பருவத்துக்குத் தள்ளிப்போக, இடைவெளி ஓராண்டாகக் குறைந்தது. 2021-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் கணினி வலையமைப்பும், மறையாக்கமும் இணையப் பாதுகாப்பும் என்னும் பாடமும் ஒரே ஐந்தாம் பருவத்தில் வைக்கப்பட்டுள்ளன. ஆரணியை அடுத்த தச்சூரின் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியாயினும் திருவண்ணாமலையின் சுயநிதிக் கல்லூரியாயினும், தெருவில் 'இவர் யார்' என்று கூவும் நெறிமுறையைக் கற்கும் மாணவர், பொய்க்குரலை இனங்காணும் பாடத்தையும் இப்போது அதே பருவத்தில் படிக்கிறார்.