மஞ்சள் கால்

எனக்கு இருபது வயது இருக்கும். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் ஆறு குஞ்சு வாங்கினேன். இரண்டு ரோஸ், இரண்டு பச்சை, மிச்சம் இரண்டும் சாயம் படாத மஞ்சள். "சுத்த நாட்டுக்கோழி, பெருவிடை" என்று கூடைக்காரர் அடித்துச் சொன்னார்.

முத்தியால்பேட்டை வீட்டில் ஆயா ஒன்றைக் கையிலெடுத்துக் கவிழ்த்துக் காலைப் பார்த்தாள். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. "சீமைக்கோழிடா. நம்ம கோழி பத்து குஞ்சு பொரிச்சா பத்தும் பத்து நிறம். முதுகுல கோடு போட்டது, கருப்பு, செவலைன்னு. காலும் அப்படித்தான், ஒண்ணு கருப்பு, ஒண்ணு வெள்ளை, ஒண்ணு மஞ்சள். இது ஆறும் ஒரே அச்சு."

ஒரு மாதத்தில் சாயம் உதிர்ந்து வெள்ளை இறகு முளைத்தது. கொண்டை ஒற்றையாக நிமிர்ந்தது. ஆறும் வெள்ளை லெகார்ன், ஆறும் சேவல். முட்டைக்காகக் குஞ்சு பொரிக்கிற பண்ணைக்குச் சேவலால் பிரயோசனமில்லை, அதனால் சாயம் பூசித் தெருவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதே ஊரில் எனக்கு இருநூறு வருஷம் முன்னால் ஒருவர் கோழியின் மூலத்தைத் தேடியிருக்கிறார். பியேர் சோனெரா, லியோன் நகரத்துக்காரர். பிரெஞ்சு அரசருடைய உத்தரவில் 1774 முதல் 1781 வரை இந்தியா, சீனா என்று சுற்றியவர். புதுச்சேரியும் அவர் தங்கிய ஊர். 1782-இல் பாரிஸில் வெளியான பயண நூலில், தென்னிந்தியக் காடுகளில் திரியும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியை விவரித்து, வீட்டுக்கோழிக்கு மூதாதை இதுதான் என்றார். அந்தச் சேவலின் கழுத்திறகில் மெழுகு சொட்டினாற்போல மஞ்சள் புள்ளிகள் இருக்கும். ஐரோப்பாவில் தூண்டில் போடுகிறவர்கள் பூச்சி மாதிரி பொய்யிரை கட்ட அந்த இறகுக்கு ஆலாய்ப் பறந்தார்கள். 1813-இல் டெம்மிங்க் என்ற டச்சுக்காரர் இந்தப் பறவைக்கு சோனெராவின் பெயரையே வைத்தார். மறு வருஷம் சோனெரா இறந்துபோனார்.

டார்வின் வந்து அவர் கருத்தை ஒதுக்கிவிட்டார். 1868-இல் வெளிவந்த நூலில், வீட்டுக்கோழி முழுக்கச் செங்காட்டுக்கோழியின் வம்சம் என்றார். நூற்று நாற்பது வருஷம் அதுவே பேச்சு. பெரிய ஆள் சொன்னால் யார் திருப்பிக் கேட்பது?

2008-இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோழியின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணுவைத் தேடினார்கள். செங்காட்டுக்கோழியின் தோல் வெள்ளை. தீனியிலிருந்து வரும் மஞ்சள் நிறத்தை அதன் தோல் சிதைத்துவிடுகிறது. மஞ்சள் தோல் கோழிக்கு அந்த வேலை தோலில் மட்டும் நடப்பதில்லை, நிறம் அப்படியே தங்கிவிடுகிறது. இந்த மரபணு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், சோனெராவின் சாம்பல் கோழியிடமிருந்து. உடம்பில் பெரும்பகுதி செங்காட்டுக்கோழியுடையது, தோலின் மஞ்சள் நம் பக்கத்துக் காட்டினுடையது. டார்வின் பெரும்பாலும் சரி. சோனெராவும் கொஞ்சம் சரி.

லெகார்ன் என்பது இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தின் ஆங்கிலப் பெயர். அந்தக் கோழி அங்கிருந்து அமெரிக்கா போய், அங்கே பண்ணைக்கோழியாகி, நம் ஊருக்கு வந்தது. ஆயா "சீமை" என்று தள்ளிய குஞ்சின் காலில் இருந்தது நம் மலைக்காட்டு மஞ்சள்தான். இதைக் கேட்க அவள் இல்லை.

அந்த ஆறில் இரண்டுதான் மீந்தன. ஒன்றைத் தீபாவளிக்கு அடித்தோம். இறகு பிடுங்கியதும் தோல் மஞ்சளாய்த் தெரிந்தது. ஆயா குனிந்து பார்த்துவிட்டு அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தாள்: "மஞ்சத்தூளைக் கம்மியா போடு."