குடிபெயர்வோரும் தடுப்பூசியும்: மண்டபம் முகாம் முதல் குடியேற்ற விசா வரை

அயல்நாட்டில் நிலையாக வாழும் கணவருடனோ மனைவியுடனோ சேர்ந்து வாழச் செல்பவர், தடுப்பூசி போட்டுக்கொண்டதற்குச் சான்று காட்ட வேண்டும் என்பது அமெரிக்கக் குடியேற்ற விசாவின் நிபந்தனைகளுள் ஒன்று. இது அண்மைக்கால வழக்கமாகத் தோன்றலாம். ஆனால், கடல் கடக்கும் தமிழ்க் குடும்பங்களிடம் இத்தகைய நிபந்தனை விதிக்கப்பட்டு நூறாண்டுகளுக்கு மேலாகிறது.

அம்மை குத்துதல்

பெரியம்மைக்கு எதிரான தடுப்பு முறையை இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் 1796-இல் சோதித்துக் காட்டினார். இந்தியாவில் 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் ஒரு குழந்தைக்கு முதன்முதலாக இது போடப்பட்டது. பின்னர் சென்னை மாகாணத்திற்கும் பரவியது. பெரியம்மையை மாரியம்மனின் வருகையாகக் கருதி, வீட்டு வாசலில் வேப்பிலை செருகி நோன்பிருந்த மக்கள், இப்புதிய முறையையும் 'அம்மை குத்துதல்' என்றே அழைத்தனர். அம்மை குத்திய இடத்தில் தழும்பு நிலைத்துவிடும். கையிலிருந்த அத்தழும்பே பல காலம் சான்றாகவும் விளங்கியது.

மண்டபம் முகாம்

திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து ஏராளமானோர் கங்காணிகள் மூலம் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். இன்றைய திண்டுக்கல் மாவட்டம் 1985 வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. திருச்சியையும் மதுரையையும் இணைத்த இருப்புப்பாதை 1875 முதல் திண்டுக்கல் வழியாகச் சென்றது. 1914-இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் போக்குவரத்தும் தொடங்கியபின், இலங்கைப் பயணத்தின் முக்கிய வழி இதுவே ஆயிற்று.

கப்பலேறுமுன் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் தங்க வேண்டும். இந்திய மண்ணில் இருந்தபோதிலும், இம்முகாமை நடத்தியது இலங்கை அரசு. பிளேக், காலரா, பெரியம்மை ஆகியவை தீவுக்குள் நுழையாமல் தடுப்பதே இதன் நோக்கம். வந்தவர்களுக்கு அம்மை குத்தப்பட்டது. கொக்கிப்புழுவுக்கு மருந்து தரப்பட்டது. உடைமைகள் நோய்க்கிருமி நீக்கம் செய்யப்பட்டன. ஏறத்தாழ ஒரு வாரம் தங்கவைக்கப்பட்ட பின்னரே அவர்கள் அனுப்பப்பட்டனர். மலாயா சென்றவர்களுக்கும் இதுபோன்ற கட்டுப்பாடு இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டுப் பினாங்கை அடைந்தோர், அருகிலுள்ள ஜெரெஜா தீவில் தனிமைப்படுத்தப்பட்டனர்.

இலங்கைக் குடிபெயர்வு பெரும்பாலும் குடும்பமாக நிகழ்ந்தது. எனவே மனைவியரும் குழந்தைகளும் இச்சோதனைகளுக்கு உட்பட்டனர். கணவர் இருக்கும் தோட்டத்தை அடைய, மனைவியும் முகாமைக் கடந்தாக வேண்டும். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பிறகு தாயகம் திரும்பிய குடும்பங்கள் வந்திறங்கியதும் இதே முகாமில்தான்.

தழும்பிலிருந்து சான்றிதழுக்கு

உலக சுகாதார நிறுவனம் 1951-இல் பன்னாட்டுச் சுகாதார விதிகளை ஏற்றது. அதன்பின் தடுப்பூசிச் சான்றிதழ் ஒரே வடிவில் பல நாடுகளிலும் வழங்கிற்று. பெரியம்மைச் சான்று மூன்றாண்டுகளுக்குச் செல்லுபடியாகும். 1980-இல் பெரியம்மை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டபின் அச்சான்றின் தேவை மறைந்தது. மஞ்சள் காய்ச்சலுக்கான சான்று மட்டும் இன்றும் தொடர்கிறது. அந்நோய் உள்ள ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளிலிருந்து வருவோரிடம் இந்தியாவும் அதைக் கேட்கிறது.

காந்திகிராமமும் ஊர்ப்புறச் சுகாதாரமும்

திண்டுக்கல்–மதுரை இருப்புப்பாதையில் அம்பாத்துரை நிலையத்தை அடுத்துள்ளது காந்திகிராமம். மருத்துவர் சௌந்தரமும் அவர் கணவர் கோ. இராமச்சந்திரனும் 1947-இல் இதனை நிறுவினர். இங்குள்ள கஸ்தூரிபா மருத்துவமனை தாய் சேய் நலப் பணியால் அறியப்பட்டது. ஊர்ப்புறச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சியளிக்கும் நிறுவனம் ஒன்று 1964-இல் இங்குத் தொடங்கப்பட்டது. முகாமில் ஊசி போட்டது பயணியைக் கடல் கடக்க விடுவதற்காக. ஊர்ச் செவிலியர் ஊசி போடுவது குழந்தை தன் ஊரிலேயே நலமாக வளர்வதற்காக. எனினும் பின்னாளில் விசாவுக்குத் தேவைப்படும் முதல் ஆவணம், அந்தச் செவிலியர் குறித்துக் கொடுத்த அட்டையே.

அமெரிக்கச் சட்டம்

அமெரிக்கா 1996-இல் இயற்றிய குடியேற்றச் சட்டம், நிலையாகக் குடியேறுவோர் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும் என்றது. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா, இளம்பிள்ளை வாதம், இரணஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான், ஹெபடைடிஸ் பி முதலியவை அதில் பெயர் சுட்டப்பட்டன. அந்நாட்டுத் தடுப்பூசி ஆலோசனைக் குழு பரிந்துரைக்கும் பிறவும் சேர்க்கப்படலாம். எவை தேவை என்பது வயதைப் பொறுத்தது.

பட்டியல் காலத்திற்கேற்ப மாறியுள்ளது. 2008-இல் எச்.பி.வி. தடுப்பூசி இளம்பெண்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. குடிமக்களுக்குக் கட்டாயமில்லாத, விலை மிகுந்த ஊசியைக் குடியேறும் பெண்கள்மீது மட்டும் சுமத்துவது முறையன்று என்று எதிர்ப்பு எழுந்தது. 2009 டிசம்பரில் அது நீக்கப்பட்டது. கோவிட் தடுப்பூசி 2021 அக்டோபரில் சேர்க்கப்பட்டு 2025-இல் கைவிடப்பட்டது.

விசாவின் வகைக்கேற்பவும் விதி வேறுபடும். பணி விசாவில் உள்ளவரின் துணைக்கு வழங்கப்படும் எச்-4 விசாவுக்கு இச்சான்று வேண்டியதில்லை. மணம் முடிக்கச் செல்வோருக்கான கே-1 விசாவில், திருமணத்திற்குப் பின் நிலையான வசிப்புரிமை அட்டை கோரும்போது சான்று தேவைப்படும்.

இருமுறை ஊசி ஏன்?

இந்தியாவின் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் 1985-இல் தொடங்கியபோது ஆறு நோய்களை உள்ளடக்கியது. ஹெபடைடிஸ் பி பிற்காலத்தில் சேர்ந்தது. ரூபெல்லா ஊசி தமிழ்நாட்டில் 2017-இல்தான் பெருமளவில் போடப்பட்டது. பொன்னுக்குவீங்கிக்கும் சின்னம்மைக்கும் அத்திட்டத்தில் ஊசி இல்லை. ஆகவே 1990-களில் பிறந்து, குழந்தைப் பருவ ஊசிகள் அனைத்தையும் தவறாமல் போட்டுக்கொண்ட ஒரு பெண்ணுக்கும் விசா மருத்துவர் புதிய ஊசிகளை எழுதுவார். அது அவருடைய பெற்றோரின் கவனக்குறைவன்று. இரு நாட்டுப் பட்டியல்களின் வேறுபாடு.

பல தவணை ஊசிகளில், அன்று போடத்தக்க ஒரு தவணை போட்டிருந்தாலே விசாவுக்குப் போதும். எஞ்சியவற்றைச் சென்றபின் முடிக்கலாம். கருவுற்ற பெண்களுக்குத் தட்டம்மை–பொன்னுக்குவீங்கி–ரூபெல்லா ஊசியும் சின்னம்மை ஊசியும் போடலாகாது. மருத்துவர் அதைக் குறித்தால் விலக்குக் கிடைக்கும். புதுமணப் பெண்கள் இதை முன்கூட்டியே சொல்வது அவசியம்.

சான்று இல்லாதவர் முன்பு போட்ட ஊசியையே மீண்டும் போட்டுக்கொள்ள நேரிடும். சில நோய்களுக்கு இரத்தப் பரிசோதனை மூலம் எதிர்ப்புத் திறனைக் காட்டலாம். மண்டபத்தில் நின்ற பாட்டியிடம் சான்று கையிலேயே தழும்பாக இருந்தது. பேத்திக்கோ, அது பெட்டியின் அடியில் மடித்து வைக்கப்பட்ட அட்டையில் இருக்கிறது.